ஆளில்லாத நேரத்து முகம்

அந்தக் கடையில் மிக்சி, ஃபேன், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் தரைத்தளத்தில் விற்பார்கள். விற்ற சாமான் மக்கர் பண்ணினால் வாங்கியவர் மாடிக்கு ஏற வேண்டும். மாடிப்படி செங்குத்தானது. ஏறி முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு மூச்சும் மீதிப் பேருக்குக் கோபமும் வாங்கும். மேலே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ‘புகார்’ என்று எழுதிய பலகைக்குக் கீழே சிரிப்பக்கா உட்கார்ந்திருப்பாள்.

பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பிழைத்திருந்தது. கடைக்குள் எல்லோருக்கும் அவள் சிரிப்பக்காதான். அவளைவிட வயதில் மூத்த வாட்ச்மேனுக்கும்கூட.

அந்தச் சிரிப்பு அவள் பிறந்தபோது கூடவே வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒரு மனிதர் அயர்ன் பாக்ஸைக் கொண்டுவந்து மேசையில் மடாரென்று வைத்தார். பயத்தில் அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். ஆனால் முகம், யாரையும் கேட்காமல், பளிச்சென்று சிரித்துவிட்டது. அந்த மனிதரின் குரல் பாதியாக இறங்கியது. போகும்போது “கொஞ்சம் பார்த்துக்கோம்மா” என்று கெஞ்சிவிட்டுப் போனார். அன்றைக்கு அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யார் மேசைமேல் குனிந்தாலும் அவள் கன்னங்கள் தாமாகவே மேலே ஏறிவிடும், காலையில் கடை ஷட்டர் ஏறுவதுபோல.

“ஏம்மா, நீங்க வித்தது வாஷிங் மெஷினா, ஹெலிகாப்டரா? துணி போட்டா ரூமை விட்டே கிளம்புது.”

“சொல்லுங்க சார். மொதல்ல உக்காருங்க. எந்தத் துணி போடும்போது கிளம்புது?”

கேஷியர் அடிக்கடி சொல்வாள்: “முதலாளி எங்கடி கேரண்டி கொடுக்கிறாரு? உன் மூஞ்சியைத்தான் கொடுக்கிறாரு.”

அவளுடைய கல்யாணமும் அந்த மேசையில்தான் ஆரம்பித்தது. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஒருவர் ஓடாத டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். சரிசெய்து கொடுத்தாள். மறுபடி தூக்கிக்கொண்டு வந்தார். மறுபடியும் சரிசெய்து கொடுத்தாள். அதற்கடுத்த முறை வந்தபோது அவர் கையில் ஃபேன் இல்லை.

கல்யாணமான புதிதில் அவர் ஏமாந்துதான் போனார். “கடையில இருந்த அந்தச் சிரிப்பை எங்கடி வச்சிட்டு வந்தே?”

“டியூட்டி முடிஞ்சதும் அங்கேயே கழட்டி வச்சிட்டு வந்துடுவேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மாட்டிக்கிட்டே திரியறது?”

வீட்டில் அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. கன்னங்கள் இறங்கி, உதடுகள் லேசாகக் குவிந்து, தூரத்தில் யாரோ பேசுவதை உற்றுக் கேட்பதுபோல ஒரு முகம். அந்த முகத்தைப் பார்த்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரும் அதைப்பற்றி அவளிடம் பேசியதே கிடையாது. ஆண்பிள்ளைகளுக்குச் சில விஷயங்கள் வாய் வரைக்கும் வரும், வெளியே மட்டும் வராது.

வலது கண்ணின் இமை தடித்தபோது, தூக்கம் போதவில்லை என்று நினைத்தாள் சிரிப்பக்கா. பிறகு கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே ஈறு நிறத்தில், வழவழவென்று ஒரு தடிப்பு. வலி கிடையாது, எரிச்சல் கிடையாது. மருந்துக்கடையில் அலர்ஜி என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஒரு கண் டாக்டரிடமும் போனாள். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவள் முகத்தருகே குனிந்தார். குனிந்தால் போதாதா? ஷட்டர் ஏறிவிட்டது. சிரிப்பில் இடுங்கிய கண்களில் எந்த இமை வீங்கியது, எந்த இமை சிரித்தது என்று யார் கண்டார்கள்? “லேசாத்தான் இருக்கு, ஒண்ணும் பெருசா இல்லை டாக்டர்” என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். புகாரைச் சிரித்துக்கொண்டே சொன்னால் கேட்பவர் எப்படி நம்புவார்? அதே சொட்டு மருந்தை இன்னும் கொஞ்ச நாள் விடச் சொல்லி அனுப்பிவிட்டார்.

கண்டுபிடித்தது அவள் கணவர், அந்த டிரைவிங் மாஸ்டர்தான். காலமெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மனிதர்களைப் பக்கவாட்டிலேயே பார்த்துப் பழகியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று சத்தத்தைக் குறைத்தார்.

“இப்படித் திரும்பு. இப்ப அப்படித் திரும்பு.”

“என்ன, லைசென்ஸ் டெஸ்ட்டா?”

“உன் வலது கண்ணு இடது கண்ணைவிட முன்னாடி வந்து நிக்குது. ஓவர்டேக் பண்ணப் பார்க்குது.”

சொன்னது வேடிக்கையாகத்தான். ஆனால் டிவியை அணைத்துவிட்டு, அப்போதே ஆஸ்பத்திரி நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தடிப்பிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்கள், உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள். கடைசியில் டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். நரைத்த குட்டை முடி, சுற்றி வளைக்காத பேச்சு.

“லிம்ஃபோமா. நிணநீர் செல்கள்ல வர்ற புற்றுநோய்ல ஒரு வகை. கண்ணுக்குள்ள இல்லை. கண்ணைச் சுத்தி மெத்துன்னு இருக்கிற சதையில, இமைக்கு அடியில இருக்கு. மெதுவா வளர்ற ரகம், வேற எங்கயும் போகலை. கதிர்வீச்சுக்கு நல்லாக் கரையும். பயப்படாதீங்கன்னு சொல்ல மாட்டேன். கொஞ்சமாப் பயப்படுங்க.”

மேசைக்கு அடியில் மாஸ்டரின் வலது கால், அங்கே இல்லாத ஒரு பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. சிரிப்பக்கா சிரித்தாள்.

டாக்டரம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். “நான் சொன்னது புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது டாக்டர்” என்று மாஸ்டர்தான் பதில் சொன்னார். “அது சிரிப்பு இல்லை. அது அவளுக்கு யூனிஃபார்ம்.”

கதிர் படும்போது தலை இம்மியும் அசையக் கூடாது. அதற்காக முகத்துக்கு ஒரு கவசம் செய்வார்கள். வெள்ளை பிளாஸ்டிக் வலைத் தகடு ஒன்றை வெந்நீரில் போட்டால் ரப்பர்போலத் தளர்ந்துவிடும். அதை முகத்தின்மேல் இழுத்துப் படிய வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஆறி, அந்த முகத்தின் அச்சாகவே இறுகிக்கொள்ளும். அதன்பிறகு தினமும் அதே கவசத்தை மாட்டி, ஓரங்களை மேசையோடு பூட்டிவிடுவார்கள். அந்த வேலையைச் செய்த டெக்னீஷியன் சுறுசுறுப்பான ஆள். சிரிப்பக்கா முதல் பார்வையிலேயே அவனைத் தம்பியாக்கிக்கொண்டாள்.

“சூடா, ஈரமா இருக்கும்க்கா. மூச்சுத் தாராளமா விடலாம். இப்ப எப்படி இருக்கீங்களோ அப்படியே இருங்க” என்று சொல்லி அவன் குனிந்தான்.

சிரிப்பக்கா அப்படியே இருந்தாள். அவள் எப்படி இருந்தாள் என்பதை அவளும் கவனிக்கவில்லை, அவனும் கவனிக்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தம்பி பார்த்துக்கொண்டிருக்க, அந்த முகத்தோடேயே ஸ்கேன் எடுத்து, கதிர் எந்தக் கோணத்தில் போக வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள்.

சிகிச்சையின் முதல் நாள். தம்பி கவசத்தை மாட்டிப் பூட்டினான். பொட்டுப் பிசகாமல் பொருந்தியது. “சௌகரியமாக்கா?” என்றான். வலைக்குள்ளிருந்து சிரித்தாள். அவன் வெளியே போனான், கனத்த கதவு சாத்திக்கொண்டது. கதிருக்கு முன்னால் இடம் சரிபார்க்க ஒரு படம் எடுப்பார்கள். எடுத்தார்கள். கதவு திறந்தது.

“ஆடினீங்களாக்கா?”

“இல்லையே தம்பி.”

அவன் குனிந்து பார்த்தான். எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்தது. போனான், கதவு சாத்தியது, படம் எடுத்தார்கள், கதவு திறந்தது. தம்பி தலையைச் சொறிந்தான். மெஷினைச் சந்தேகப்பட்டான், மேசையைச் சந்தேகப்பட்டான். கடைசியில் வெளியே போய்க் கேமராத் திரையின் முன்னால் கண்கொட்டாமல் உட்கார்ந்தான். திரும்பி வந்தபோது அவன் குரலில் பாதி ஆச்சரியம், பாதி சங்கடம்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் இங்க இருக்கிற வரைக்கும் உங்க கன்னம் மேல இருக்கு. கதவைச் சாத்தினதும் கீழ இறங்கிடுது.”

உண்மைதான். கதவு சாத்தினால் அந்த அறையில் மெஷினின் ரீங்காரமும் அவளும்தான். சிரிப்பதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

டாக்டரம்மா வந்து, கணக்குப் போட்ட ஸ்கேன் படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார். “சிரிச்சாக் கன்னம் ஏறி கீழிமையைத் தள்ளுது. நமக்கு வேலையே அந்த இடத்துலதான். கொஞ்சம் தவறினாக் கட்டியோட ஒரு ஓரம் தப்பிச்சுடும். கண்ணுக்குள்ள காப்பாத்த வேண்டிய லென்ஸ் மேல கதிர் கூடுதலாப் பட்டுடும். அந்தக் கண்ணோட பார்வை இதுல இருக்கு.”

“நான் வேணா முழு நேரமும் சிரிச்சுக்கிட்டே இருக்கேன் டாக்டர். எனக்குப் பழக்கம்தான்.”

“இந்த அறையில, தனியா, தினமுமா? முடியாது. வேற கவசம் செய்யலாம். எனக்கு உங்க சொந்த முகம் வேணும்.”

சொந்த முகம். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பக்கா குளியலறைக் கண்ணாடியில் அதைத் தேடினாள். எதிரே ஒருத்தி குனிந்து பார்த்தாள். உடனே சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைக் கழுவிவிட்டுத் துண்டுக்குப் பின்னாலிருந்து திடீரென்று எட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்காரி அதற்கும் முந்திக்கொண்டு சிரித்தாள். இத்தனை வருஷம் ஊரார் முகத்தையெல்லாம் சமாதானம் பண்ணியவளுக்குத் தன் முகம் எப்படியிருக்கும் என்று தெரியவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

இரண்டாவது கவசம் செய்யும் நாளில் அமர்க்களம்தான். வெந்நீர்த் தொட்டியிலிருந்து தகட்டை எடுத்துக்கொண்டு தம்பி குனிந்தான்.

“சிரிக்காதீங்கக்கா.”

“நான் எங்க தம்பி சிரிக்கிறேன்?”

“இதோ, இப்பக்கூட.”

கண்ணை மூடச் சொன்னான். மூடினாள். தாடையில் அவன் விரல் பட்டதும் கன்னம் ஏறியது. வேறு எதையாவது நினைக்கச் சொன்னான். அவளுக்கு வேறு என்ன தோன்றும்? மாடியும் மேசையும்தான் தோன்றின. கன்னம் இன்னும் கொஞ்சம் ஏறியது. தகடு ஆறி விறைத்துப்போய் மறுபடி தொட்டிக்குள் போயிற்று. மறுபடி வந்தது. மறுபடி போயிற்று.

“இந்தத் தகடு என்னைவிட அதிகமாக் குளிச்சிடுச்சுக்கா” என்றான் தம்பி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் நிஜமாகவே சிரித்துத் தொலைத்தாள்.

வாசலில் நின்றிருந்த மாஸ்டர் தொண்டையைச் செருமினார். “தம்பி, என்கிட்ட சண்டை போடும்போது மட்டும் அவ சிரிக்க மாட்டா. நான் உள்ளே வரலாமா?”

கவசம் செய்யும் அறையில் கதிர் எதுவும் கிடையாது, யாரும் நிற்கலாம். தம்பி தலைமாட்டில் நின்றதால் மாஸ்டர் கால்மாட்டுக்குப் போனார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடையில் அவள் உட்காருவதுபோலவே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சொல்லுங்க மேடம். உங்க புகார் என்ன?”

“எனக்கென்ன புகார்? ஒண்ணுமில்லை. எழுந்து போங்க, மானத்தை வாங்காதீங்க.”

“சாமான் நல்லா ஓடுதா? வாங்கி ரொம்ப வருஷமாச்சே.”

“எங்க ஓடுது?” என்றாள். “ஈரத் துண்டைக் கட்டில்ல போடுது. சொன்னாக் கேட்காது. தூக்கத்துல பிரேக் அடிக்கிறேன்னு என் காலை மிதிக்குது. தினமும் மிதிக்குது.”

“குறிச்சுக்கிட்டேன். அப்புறம்?”

“எங்க அண்ணன் வீட்டுக்குப் போனா, டீ வர்றதுக்கு முன்னாடியே கிளம்பலாமான்னு கண்ணைக் காட்டுது.”

“அது உங்க அண்ணியோட டீயைக் குடிச்சவங்களுக்குத் தெரியும். அப்புறம்?”

தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் கன்னத்தையே பார்த்தான். அரைக்கால்வாசி இறங்கியிருந்தது.

சிரிப்பக்கா கூரையைப் பார்த்தாள். குரல் தணிந்தது. “டாக்டர் சொன்ன அன்னைக்கு ஆட்டோவில வந்தோமே. வழியெல்லாம் நீங்க டிராஃபிக்கைப் பத்தியே பேசிட்டு வந்தீங்க. அவன் இண்டிகேட்டர் போடலை, இவன் தப்பாத் திரும்புறான்னு. பயமா இருக்கான்னு என்னை ஒரு வார்த்தை கேட்கலை.”

மாஸ்டர் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். புகார் மேசையில் எப்போதும் தயாராக ஒரு பதில் இருக்கும் என்றல்லவா அவர் நினைத்திருந்தார்.

“பயமா இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு.”

“கண்ணு போயிடுமோன்னா?”

“கண்ணும்தான். இந்தக் கண்ணு சிவந்து புடைச்சு நின்னா, என்னை அங்க உக்கார வைப்பாங்களா? அந்தச் சேரை எடுத்துட்டா நான் யாருங்க? ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் மாடி ஏறி வந்து என்கிட்ட சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்கும் ஒண்ணு இருக்கே. நான் எந்த மாடி ஏறிப் போய்ச் சொல்றது?”

மாஸ்டருக்கு எட்டியது அவள் பாதம்தான். அதைப் பிடித்துக்கொண்டார். “இங்கேயே சொல்லு. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. ஆனாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கன்னங்கள் இறங்கின. உதடுகள் லேசாகக் குவிந்தன. நெற்றியில் இருந்ததே தெரியாமல் இருந்த ஒரு சுருக்கம் அவிழ்ந்தது.

“இதுதான் தம்பி” என்றார் மாஸ்டர், மெல்ல. “இந்த மூஞ்சிதான்.”

வெதுவெதுப்பான வலை அவள் முகத்தின்மேல் இறங்கியது. தம்பியின் விரல்கள் மூக்கோரமும் கண்ணோரமும் அழுத்திப் படிய வைத்தன. அவள் கன்னம் அசையவில்லை. அது இறுகி முடிகிறவரை மாஸ்டர் அந்தப் பாதத்தை விடவில்லை.

அதன்பிறகு கதவு சாத்தினாலும் திறந்தாலும் ஒரே முகம்தான். படம் பொருந்தியது, கதிர் போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. கதிர் பட்டது எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. நாட்கள் போகப் போகத்தான் கண் சிவந்தது, மணல் விழுந்ததுபோல உறுத்தியது, வலது கண்ணின் ரப்பைமுடி கொஞ்சம் தலையணையோடு தங்கிவிட்டது. ஆஸ்பத்திரி போகும் வழியில் மாஸ்டர் இப்போது டிராஃபிக்கை அதன்பாட்டுக்கு விட்டுவிட்டார்.

“இன்னைக்குப் பயம் எப்படி?”

“நேத்தைவிட ஒரு கியர் கம்மி.”

“கிளட்ச்சை விட்டுடாதே. மெதுவாவே போகலாம்.”

கேஷியர் போனில் கடை நிலவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “உன் சீட்ல ஒரு எம்.பி.ஏ. பையனை உக்கார வச்சாங்கடி. வந்தவங்க கிட்ட எல்லாம் ‘பாலிசி’ன்னான். நேத்து ஒரு அம்மா குக்கரைத் தூக்கிட்டு அவனை மாடி முழுக்கத் துரத்துச்சு. முதலாளி தினம் உன் கண்ணைப் பத்தி விசாரிக்கிறாரு. சொந்தப் பொண்டாட்டியைக் கூட அவரு இப்படி விசாரிச்சிருக்க மாட்டாரு.”

சிரிப்பக்கா கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். சிரிப்பும் திரும்பியது. ஆனால் எல்லா நேரமும் வரவில்லை. வராதபோது அவள் அதைத் தேடவும் இல்லை. சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்காத முகத்திடமும் மனிதர்கள் புகார் சொல்லிவிட்டு, இறங்கித்தான் போனார்கள்.

சில மாதங்கள் கழித்து, எல்லாம் போய்விட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் நாள் வந்தது. டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அவள் முகத்தருகே குனிந்தார். கீழிமையை இழுத்தார், மேலிமையைத் திருப்பினார். மாஸ்டரின் கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. சிரிப்பக்காவின் கன்னங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

“போயிடுச்சு” என்றார் டாக்டரம்மா. “சுத்தமா இருக்கு. பார்வையும் அப்படியே இருக்கு. திரும்ப வருதான்னு அப்பப்ப பார்த்துக்கிட்டே இருக்கணும். பின்னால ஒரு காலத்துல புரை விழலாம், விழுந்தா எடுத்துடலாம். கண்ணு மட்டும் வறண்டுதான் இருக்கும். கண்ணீர் சுரக்கிறது குறைஞ்சிருக்கு. அதுக்கு ஒரு சொட்டு மருந்து, விடாமப் போட்டுக்கணும்.”

சிரிப்பக்கா தலையாட்டினாள். வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதாள். ஆஸ்பத்திரியில் காலெடுத்து வைத்த நாளிலிருந்து சேர்த்துவைத்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். இடது கண் தாரை தாரையாகக் கொட்டியது. வலது கண் சிவந்து எரிந்ததே தவிர, ஒரு பொட்டு வரவில்லை.

“பாருங்க, இது அழக்கூட மாட்டேங்குது” என்றாள் விம்மலுக்கு நடுவே.

மாஸ்டர் புதுச் சொட்டு மருந்தின் மூடியைத் திருகினார். அவள் தலையைப் பின்னால் சாய்த்து, வலது இமையைக் கட்டைவிரலால் பதமாக விலக்கினார்.

“அந்தக் கண்ணுக்கு நீ அழுதுக்கோ” என்றார். “இந்தக் கண்ணுக்கு நான் ஊத்துறேன்.”